நடைக்கூடத்துக் கொள்முதல்

மெல்லப் பேசுவதே பண்பு என்று எனக்குச் சிறு வயது முதல் கற்பிக்கப்பட்டிருந்தது. அந்த அம்மையாரோடு பணியாற்றத் தொடங்கும்வரை அதை நான் ஐயுற்றதில்லை. அரசு அலுவலகத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்துகிறார் என்றால், ஊராருக்குரிய ஏதோ ஒன்று கைமாறப்போகிறது என்பது அவர் கொண்ட முடிவு. எவரேனும் அவர் மேசைக்கு முன் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேச முற்பட்டால், அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து விலகிக்கொள்வார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார். கியூல கடைசியா நிக்கிறவருக்குக் கேக்கல."

அது வீட்டுவரி கட்ட வந்தவர்களின் வரிசை. தென் சென்னைப் புறநகரில், தாம்பரத்துக்குச் செல்லும் மின்தொடர் வண்டியின் ஓசை கேட்கும் தொலைவில் எங்கள் நகராட்சி அலுவலகம் இருந்தது. இன்று அது மாநகராட்சியோடு இணைந்துவிட்டது, பெயர்ப்பலகையும் மாறிவிட்டது. தெருவிளக்கு முதல் துடைப்பம் வரை நகராட்சி வாங்கும் எல்லாவற்றையும் கவனிக்கும் கொள்முதல் பிரிவுக்கு அவர் கண்காணிப்பாளர். நான் கீழ்த்தளத்தில் வரி வாங்கும் முகப்பில் இருந்தேன். அவருக்கு மாடியில் தனியறை உண்டு. கதவும் திரையும் குளிர்சாதனமும் கொண்ட அந்த அறையில் அவர் ஒரு வாரம்கூட அமரவில்லை. மேசையைக் கீழே இறக்கச் செய்து, என் முகப்புக்கு எதிரே, நடைக்கூடத்தில் வரிசை வளைந்து செல்லும் இடத்தில் போட்டுக்கொண்டார். மாடியறையில் பழைய கோப்புகளை அடுக்கினார்கள்.

எங்கள் சுகாதார அலுவலர் கேலி பேசுவதில் வல்லவர். "ஃபைலுக்கு ஏசி, மேடத்துக்கு வேர்வையா? நல்லா இருக்கே நியாயம்!" என்றார்.

"ஃபைல் கொஞ்சம் மூச்சு விடட்டும் சார். இத்தன நாள் நம்மாளுங்க அத அமுக்கியே வெச்சிருந்தாங்க இல்ல?" என்றார் அம்மையார்.

குட்டையான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, உருவத்துக்குச் சற்றும் பொருந்தாத கனத்த குரல். பெரிய ஒப்பந்தங்கள் அப்போதே இணையத்துக்குப் போய்விட்டன. விலைகளைக் கணினியே திறந்து காட்டும். அவரோ, கணினித் திரையைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளாமல் வரிசையின் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொருவர் பெயரையும் விலையையும் வாய்விட்டுப் படிப்பார். வரி கட்ட வந்தவர்கள் கிரிக்கெட் ஆட்டம் பார்ப்பதுபோல் நின்று கேட்பார்கள். என் முகப்புக்கு வந்து சேர்ந்த பிறகும், "ஒரு நிமிஷம் இருங்க சார், தெருவிளக்கு யாருக்குப் போவுதுன்னு பாத்துட்டுக் கட்டுறேன்" என்று என்னையே காக்க வைத்தவர்கள் உண்டு.

அவர் செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது சுவரில் அடித்த கொக்கிகள். ஒப்பந்தம் பெற்றவர் தரும் மாதிரிப் பொருளை அரக்கு முத்திரையிட்டு அலமாரியில் பூட்டிவைப்பது அலுவலக வழக்கம். பின்னர் வந்துசேரும் சரக்கை அதனோடு ஒப்பிட வேண்டும் என்பது விதி. பூட்டியதை எவரும் திறப்பதில்லை என்பது நடைமுறை. அம்மையார் அலமாரியைத் திறந்து மாதிரிகளை வெளியே எடுத்தார். துடைப்பம், கையுறை, மழையுடை, விளக்கு எல்லாம் நடைக்கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை: யார் தருகிறார், என்ன விலை, எந்தத் தெருக்களுக்கு. வரிசையில் நின்றவர்கள் அதற்குக் கண்காட்சி என்று பெயரிட்டார்கள்.

ஒரு நாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், காத்திருந்த அலுப்பில் அந்தக் கையுறையை மாட்டி விரல்களை மடக்கிப் பார்த்தார். "எங்க தெரு கூட்டுற அம்மா போட்டிருந்தது இப்படி இல்லையே. அது முட்டாய் பேப்பர் மாதிரி இருந்துச்சு."

"எந்தத் தெரு சார்?" என்று அம்மையார் எழுந்துவிட்டார்.

மாலைக்குள் அந்தத் தெருவின் கையுறை மாதிரியின் அருகிலேயே தொங்கியது. அவர் யாரையும் திட்டவில்லை, யாருக்கும் எழுதவில்லை. மறுநாள் காலை கையுறை விற்றவர் தாமே வந்து, சரக்கை மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டாவது கையுறையைக் கழற்றிவிடும்படி கெஞ்சினார்.

இந்தப் போக்குக்குப் பழகாத ஒப்பந்தக்காரர்கள் அவரைப் பற்றி ஒரு தவறான முடிவுக்கு வந்தனர். சத்தமாகப் பேசச் சொல்கிறாரே, இவருக்குக் காது மந்தம் போலும் என்பது அது. அந்தச் செய்தி அவர்களுக்குள் பரவியது. சாலைப் பணிகளை நெடுங்காலமாக எடுத்துவந்த பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவர், வெள்ளைச் சட்டையும் நறுமணமுமாக வந்து மேசைக்கு முன் அமர்ந்தார். முதலில் மெல்லத்தான் தொடங்கினார்.

"சத்தமா சார்," என்றார் அம்மையார்.

ஒப்பந்தக்காரர் இரக்கத்தோடு தலையசைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். மேடையில் பேசுபவரைப்போல் கூடமே அதிரச் சொன்னார்: "மேடம்! உங்க பங்கு தனியா வீட்டுக்கே வந்துடும்! கவலப்படாதீங்க!"

வரிசை முழுவதும் திரும்பியது. என் கையில் இருந்த முத்திரைக் கட்டை அந்தரத்தில் நின்றது. "இப்போ நல்லாக் கேட்டுது சார்," என்றார் அம்மையார். வரிசையின் கடைசியிலிருந்து ஒருவர், "எங்களுக்கும் கேட்டுது மேடம்!" என்று குரல் கொடுத்தார். கூடம் சிரிப்பில் மூழ்கியது. அந்த மனிதர் படியிறங்கிய விரைவை நான் இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

தீபாவளிக்கு வந்த இனிப்புப் பெட்டிகளுக்கும் அதே கதிதான். மறுத்தும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனால், அவர் பெட்டியைத் திறந்து வரிசையில் நீட்டி, "இது இன்னார் குடுத்தது, எடுத்துக்குங்க" என்று கொடுத்தவர் பெயரைச் சொல்லிச் சொல்லி வழங்குவார். அடுத்த ஆண்டு ஒரு பெட்டியும் வரவில்லை. "இந்த வருஷம் ஸ்வீட் இல்லையா மேடம்?" என்று வரி கட்ட வந்தவர்கள்தாம் வருந்தினார்கள்.

ஆனால் வெளிச்சம் போடுவது மட்டுமே அவர் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. தோற்றவர்கள்பால் அவருக்கிருந்த அக்கறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. தமிழ் படித்தவன் என்பதால் அவருடைய அறிவிப்புகளை நான்தான் எழுதிக் கொடுப்பேன். ஒருமுறை, விலைப்புள்ளி ஏற்கப்படாத ஒருவருக்கு, 'தகுதியின்மையால் நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி நீட்டினேன்.

"அழகாத்தான் இருக்கு. இதப் படிச்சா அவர் மறுபடி வருவாரா சார்?" என்றார். "எதுல குறைஞ்சுது, எவ்வளவு குறைஞ்சுதுன்னு எழுதுங்க. ஜெயிச்சவர் எதுவும் கேக்க மாட்டார். தோத்தவருக்குத்தான் நாம பதில் சொல்லணும்."

அவ்வாறே எழுதினேன். தோற்றவர் அடுத்த முறை வந்தார், வென்றார்.

அலுவலகத்துக்கு வெளியிலும் அவர் இப்படித்தான். நாங்கள் இருவரும் குரோம்பேட்டையில் ஒரே குடியிருப்பில் இருந்தோம். கோவளத்திலிருந்து கூடை சுமந்து பேருந்தில் வந்து மீன் விற்கும் பெண்ணொருத்தியிடம் அவர் தெருவே கேட்க விலை விசாரித்தபோது, அவள் சீறினாள்.

"யக்கா, சும்மா இருக்கா! கார் வெச்சிருக்கிறவனுக்கு ஒரு வெல, வூட்டு வேல செய்யற பொண்ணுக்கு ஒரு வெலன்னு சொல்லிகினு கீறேன். நீ கூவுனா எல்லாரும் ஒரே வெல கேப்பாங்க. அப்பறம் அந்தப் பொண்ணு கொழம்புக்கு இன்னா பண்ணும்?"

அம்மையார் அவள் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டார். மறுநாள் மேசையில் அமர்ந்ததும், "அவ சொன்னதுலயும் நியாயம் இருக்கு சார். ஆனா அது அவ மீன். அவ இஷ்டம். இங்க நாம விக்கிறதும் வாங்குறதும் நம்மளுது இல்லயே" என்றார். இரவெல்லாம் அதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அவரை அவரே முழுமையாக அறிந்துகொண்ட நாள் ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் கால்வாயில் இறங்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர்க் காலணி வழங்க வேண்டும். கம்பூட்ஸ் என்பார்கள். அதற்கு முந்தைய மழையில் வழங்கியவை தரமற்றவை. கால்வாயில் இறங்கிய பெண் பணியாளர் ஒருவரின் காலணி கிழிந்து, கண்ணாடித் துண்டு பாதத்தில் ஏறிவிட்டது. நெடுநாள் நொண்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். இந்த முறை மழைக்கு முன் நல்ல காலணி வந்தே தீர வேண்டும் என்று அம்மையார் உறுதியாக இருந்தார்.

வழக்கமாக வழங்கிவந்தவர்களை விலையிலும் தரத்திலும் முந்தி, புதியவர் ஒருவர் வென்றார். பொழிச்சலூரில் பள்ளிக் காலணியும் மழையுடையும் விற்கும் சிறு கடைக்காரர். அரசு அலுவலகத்துக்குப் பொருள் தருவது அவருக்கு இதுவே முதல் முறை. அவருடைய மாதிரி சுவரில் ஏறியது. "தொங்குறது எப்படியோ அப்படியே வரணும். ஒரு நூல் மாறினாலும் திருப்பிடுவேன்" என்று அம்மையார் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். கடைக்காரர் அச்சத்தோடு தலையாட்டினார். அவ்வப்போது வந்து அந்தக் காலணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்.

வானம் கறுக்கத் தொடங்கிய ஐப்பசி நாளொன்றில் பெட்டிகள் வந்து இறங்கின. ரப்பர் அருமையானது, அடிப்பாகம் தடித்தது, தையல் உறுதியானது. முதல் இணையைக் கால் நொந்த அந்தப் பெண்ணுக்கே கொடுத்தார் அம்மையார். அந்தப் பெண் ஒரு காலை விட்டார். சற்று யோசித்து, மற்றொரு காலையும் அதற்குள்ளேயே விட்டார்.

"இன்னா மேடம் இது? என் ரெண்டு காலும் ஒரே பூட்ஸ்ல போவுது. இன்னொண்ணு இன்னாத்துக்கு?"

வரிசை சிரித்தது. அம்மையாரும் சிரித்தார். அடுத்த பெட்டியைத் திறந்தார், அதற்கடுத்ததையும் திறந்தார். சிரிப்பு அடங்கியது. எல்லாப் பெட்டியிலும் சுவரில் தொங்கிய அதே ஒன்பதாம் அளவு. எங்கள் பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கடைக்காரர் முகம் வெளிறிவிட்டது. "ஒரு நூல்கூட மாறக் கூடாதுன்னு சொன்னீங்களே மேடம். நான் எதையுமே மாத்தல."

"சைஸ் வேற வேற வேணும்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சு மேடம்." அவர் குரல் தாழ்ந்தது. அம்மையார் சத்தமாகப் பேசச் சொல்லவில்லை. தாமே குனிந்து செவிகொடுத்தார். "கேக்கலாம்னு மூணு நாலு வாட்டி வந்தேன். இங்க எப்பவும் கூட்டமா இருக்குது. எல்லார் எதிர்லயும் கேட்டா, இவன் ஏதோ மாத்தப் பாக்குறான்னு நெனச்சுடுவீங்களோன்னு திரும்பிப் போயிட்டேன்."

அம்மையார் சுவரில் தொங்கிய காலணியைக் கழற்றி, அடியில் பொறித்திருந்த அளவைப் பார்த்தார்.

செய்தி கேட்டு இறங்கிவந்த சுகாதார அலுவலர், "மேடம், உள்ள வாங்க, பேசிக்கலாம்" என்றார்.

"இங்கயே பேசலாம் சார்."

அவர் பொறுமையிழந்தார். "சரி, இங்கயே கேளுங்க. 'வழங்கிய சரக்கு பயனற்றது'ன்னு ஒரே வரி எழுதுங்க. மொத்தத்தையும் அவர் எடுத்துகிட்டுப் போவட்டும். நஷ்டம் அவருது. நீங்க எதுக்கு மாட்டிக்கிறீங்க? அவர் எங்க போய்ச் சொல்லப்போறாரு?"

கடைக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். அந்தச் சரக்கு திரும்பினால் அவர் கடை எழாது என்பது அவரைப் பார்த்த எவருக்கும் விளங்கும்.

"ஆர்டர்ல நாம சைஸ் எழுதினோமா சார்?" என்று கேட்டார் அம்மையார்.

"எழுதல. அதத்தான் சொல்றேன், எழுதலன்னு வெளிய தெரிஞ்சா..."

"எழுதலன்னா தப்பு அவருது இல்ல. அவர் தலையில கட்டிட்டா, அடுத்த டெண்டருக்குப் புதுசா ஒரு ஆள் வருவாரா? பழைய கூட்டம்தான் வரும். மறுபடி முட்டாய் பேப்பர்தான் வரும்."

பிறகு வரிசையின் பக்கம் திரும்பினார். ஒப்பந்தக்காரர்களின் விலையை எந்தக் குரலில் படிப்பாரோ அதே குரலில் சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்குங்க. பூட்ஸ் நல்ல பூட்ஸ். சைஸ் எழுதாதது என் தப்பு. கடைக்காரர் மேல எந்தத் தப்பும் இல்ல."

"அப்போ எங்க வரிப்பணம் போச்சா மேடம்?" என்றார் ஒருவர்.

"பணம் போகாது சார். நாள்தான் போகும். மழைக்குள்ள வருமான்னு எனக்கே தெரியல."

"மழ நம்மளக் கேட்டுகினா வருது?" என்றார் கால் நொந்த பெண்.

அன்று பிற்பகல் நடைக்கூடத்தில் வரி கட்டுவோருக்கான விசுப்பலகைகளில் பணியாளர்கள் அமர்ந்தனர். வரி கட்ட வந்தவர்கள் எழுந்து இடம் விட்டனர். ஒவ்வொருவரும் அட்டைமேல் பாதத்தை வைக்க, கடைக்காரர் மண்டியிட்டுப் பென்சிலால் சுற்றி வரைந்தார். ஆண்களுக்குப் பொருந்தியவை போக, மற்றவற்றை மாற்றித் தரத் தொழிற்சாலை இசைந்தது. லாரி வாடகையை மட்டும் யாரேனும் ஏற்க வேண்டும். அதை அலுவலகச் செலவில் ஏற்று, காரணத்தையும் ஒளிக்காமல் எழுதி, அம்மையார் கையெழுத்திட்டார்.

அதன் விளைவை இப்போதே சொல்லிவிடுகிறேன். தணிக்கையில் அந்த வாடகை ஏற்கப்படவில்லை. அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. விளக்கம் கேட்டு ஆணை வந்தது. 'அளவு குறிப்பிடாதது என் தவறு. வழங்கியவர் குற்றமற்றவர்' என்று இரண்டே வாக்கியங்களில் மறுமொழி தந்தார். அந்த ஆண்டின் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. என் மொழிப் பயிற்சியில் அந்த இரண்டு வாக்கியங்களினும் செம்மையான உரைநடையை நான் கண்டதில்லை.

வேறொன்றும் செய்தார். ஒப்பந்தம் எதுவாயினும், ஐயம் உள்ளவர்கள் துண்டுச் சீட்டில் எழுதிப் போட ஒரு சிறு பெட்டி வைத்தார். கேள்வியும் விடையும் எல்லாருக்கும் தெரியும்படி சுவரில் ஒட்டப்படும். கேட்டவர் பெயர் இராது. "எல்லாத்தையும் வெளிச்சத்துல வெச்சா நியாயம் வந்துடும்னு நெனச்சேன் சார். பயந்த ஆளுக்குக் கொஞ்சம் நெழலும் வேணும்போல" என்றார். தம் கொள்கையில் தாமே ஒரு திருத்தம் செய்துகொள்ள அவர் சற்றும் தயங்கவில்லை.

இவை பின்னால் நிகழ்ந்தவை. அந்த வாரத்தில் எங்களுக்கிருந்த கவலை வானம் ஒன்றே. அது காத்திருக்கவில்லை. இரவு முழுதும் கொட்டி, விடிந்தபோது அலுவலக வாசலில் கணுக்காலளவு நீர் நின்றது. லாரி வந்து சேரவில்லை. பணியாளர்கள் நனைந்த செருப்புகளோடு கூடத்தில் கூடினர். தெருத்தெருவாகப் புகார்கள் தொலைபேசியில் வந்தவண்ணம் இருந்தன.

"தெருவெல்லாம் தண்ணி மேடம். இறக்கிவிட்டுடலாமா?" என்றார் சுகாதார அலுவலர்.

"பூட்ஸ் வராம ஒருத்தரும் இறங்கக் கூடாது சார். போன வருஷத்துக் கண்ணாடி இன்னும் அங்கதான் கெடக்கு."

சுகாதார அலுவலர் பணியாளர்களின் கால்களைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, தொலைபேசியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, வந்த ஒவ்வோர் அழைப்புக்கும் தாமே பதில் சொல்லத் தொடங்கினார்: "ஆளுங்க ரெடியா இருக்காங்க சார். பூட்ஸ் வந்துகிட்டு இருக்கு. வந்ததும் மொதல்ல உங்க தெருதான்." எல்லாத் தெருவுக்கும் அதையே சொன்னார்.

முற்பகல் வாக்கில் நீரைக் கிழித்துக்கொண்டு லாரி வந்தது. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து பொழிச்சலூர்க் கடைக்காரர் குதித்திறங்கினார். பெட்டிகளின்மேல் பாதம் வரைந்த அட்டைகள் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து அவரே கொடுத்தார். கால் நொந்த பெண் அணிந்துகொண்டு, கூடத்தின் தரையில் ஓங்கி ஓங்கி மிதித்துப் பார்த்தார். "கச்சிதமா கீது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

புதுக் காலணிக்குள் நீர் புகுகிறதா என்று பார்க்கும் ஆவலில் அம்மையார் செருப்பைக் கழற்றி, புடவையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அவர் பின்னாலேயே படியிறங்கி வெறுங்காலை நீரில் வைத்தார். ஓசை கேட்டு அந்தப் பெண் திரும்பினார்.

"நீ எங்க வர்ற? உள்ள போ மேடம். உனுக்கு பூட்ஸ் இல்ல."

எவர் சொல்லியும் கேட்டறியாத அந்த அம்மையார், மறுபேச்சின்றிப் படியேறி உள்ளே வந்தார்.